முடிச்சில் தொங்கிப் பார்க்கிறவர்

பந்தல் கட்டி முடிந்ததும் மற்ற ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு தூர நின்று பார்ப்பார்கள். ஏசுபாதம் அப்படிப் பார்க்க மாட்டார். மூலைக்கு மூலை போய், தான் கட்டிய முடிச்சையே பிடித்துக்கொண்டு தொங்குவார். ஐம்பத்து நாலு வயது ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சவுக்குக் கழியில் தொங்குவதைப் பார்த்துக் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "என்னியே தாங்கலன்னா மழய எப்டி தாங்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போவார்.

நான் முனிசாமி. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகிற வழியில் பந்தல், சேர், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறேன். ஏசுபாதம் என்னிடம் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறார். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். ஏசுபாதம் என்னைவிட நாலு வயது மூத்தவர். இருந்தும் முதல் பன்னிரண்டு வருஷம் நான் அவரை 'டேய் ஏசு' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதைத் தவிர அதற்குச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை. இப்போது 'அண்ணாத்த' என்கிறேன். "இன்னா திடீர்னு மரியாத, சம்பளத்துல கை வெக்கப் போறியா?" என்று கேட்டார். பழகிப்போக அவருக்கு ஒரு வருஷம் ஆனது.

இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நேரில் நன்றி சொல்லப் போனேன். "வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டார். நேரில் சொன்னால் காது கொடுக்காத ஆளுக்கு எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் படிக்க மாட்டார். அவருடைய மகள் ஜெனிட்டா உட்கார்த்தி வைத்துப் படித்துக் காட்டுவாள், தப்பிக்க முடியாது.

எனக்கு இரண்டு நோய். ஒன்று குடி, அது ஊருக்கே தெரியும். இன்னொன்றின் பெயர் தெரிந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

அந்த இரண்டாவது நோய் ஒரு வருஷத்தில் இரண்டு முறையாவது வரும். முதலில் தூக்கம் போகும். இரண்டு மணி நேரம் படுத்தால் போதும் என்று இருக்கும். மனசு பறக்கும். மாமல்லபுரம் கடற்கரை முழுக்க ஆயிரம் கால் வைத்துப் பந்தல் போடலாம், ஈசிஆர் சாலையில் இருக்கிற ரிசார்ட் கல்யாணம் எல்லாவற்றையும் நாமே எடுக்கலாம் என்று தோன்றும். தோன்றியதோடு நிற்காமல் போய் ஆளைப் பார்த்துப் பேசிவிட்டும் வருவேன். கேட்கிறவர்களும் மயங்கித்தான் போனார்கள். அந்தச் சமயத்தில் என்னைப் போலப் பேச ஆள் கிடையாது. பிறகு ஒருநாள் எல்லாம் இறங்கிவிடும். சட்டையை மாட்டுவதற்குக்கூட யோசனை வரும். குளிக்காமல், யாரையும் பார்க்காமல் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பேன். மேலே பறக்கும்போது தலையை அமர்த்துவதற்குக் குடித்தேன். கீழே கிடக்கும்போது எழுந்து உட்காருவதற்குக் குடித்தேன். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு நடுவில் இருந்த பாட்டில் மட்டும்தான் தெரிந்தது.

என் மனைவி பிரபாவும் என் பெரியப்பா வீட்டாரும் சேர்ந்து என்னை இரண்டு தடவை கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே குடியை நிறுத்தினார்கள், அது உண்மை. தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்து, இரண்டு தடவையும் ஒன்றரை மாதத்தில் சாராயக் கடை வாசலில் நின்றேன். 'இவனுக்கு ரோஷமே கிடையாது' என்று பெரியப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கே அது சரி என்றுதான் பட்டது.

ஏசுபாதத்துக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஒருநாள் சம்பளம் வாங்க வந்தவர் பிரபாவைப் பார்த்து, "யம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. மொதலாளி குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்டி கீறாருன்னு எப்பனா பாத்தியா?" என்று கேட்டார்.

"குடிக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான் கீறாரு" என்றாள் பிரபா.

"நல்லா இல்ல. ஓவரா நல்லா கீறாரு. மொதல்ல தூக்கம் போவுது. பத்து நாள் கழிச்சுதான் குடி வருது. ஒவ்வொரு வாட்டியும் அதே வரிசதான். நான் மேல ஏறி நின்னுகினு தெனம் பாக்கறேனே. இவருக்கு வேற இன்னாமோ கீது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில மனசுக்குன்னு தனியா டாக்டருங்க கீறாங்க. அங்க இட்டுகினு போவலாம்."

பெரியப்பா குதித்தார். வயசுக்கு வரப்போகிற பெண் இருக்கிற வீடு, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் வருவார்கள் என்றார். குடிகாரன் என்ற பெயர் அவருக்குக் கௌரவமாக இருந்தது போல. ஏசுபாதம் அவரோடு வாதாடவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குளித்து, தலை சீவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நாங்கள் மூன்று பேரும் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினோம்.

டாக்டர் ஜெனிஃபருக்கு என் மகளைவிட இருபது வயதுதான் கூட இருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்குப் புதுசாக இருந்தது. எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று தொடங்கி, என் சித்தப்பா கிணற்றில் விழுந்தது வரைக்கும் கேட்டார். பிறகு ஏசுபாதத்தைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். "இவரு மொதலாளி, நான் கூலி" என்றார் அவர். "நீங்க கவனிச்சதைச் சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னதும், ஏசுபாதம் மூன்று வருஷத்துக் கதையை முகூர்த்தம் முகூர்த்தமாகச் சொன்னார். எந்தக் கல்யாணத்தில் நான் மூன்று நாள் தூங்கவில்லை, எந்தக் காதுகுத்துக்கு எழுந்து வரவில்லை என்று அத்தனையும் அவருக்கு நினைவு இருந்தது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மனசு ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்குகிற நோய். மூளை சம்பந்தப்பட்டது, ரோஷம் சம்பந்தப்பட்டது அல்ல. "இதுவும் இருக்கு, குடியும் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டி விடுது. ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணினாத்தான் நிக்கும்" என்றார். எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் பந்தல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா.

பத்து நாள் வார்டில் இருந்தேன். கை நடுக்கம், வேர்வை, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டது எல்லாம் அங்கேதான் நடந்து முடிந்தது. வெளியே வரும்போது மாத்திரைகள் கொடுத்தார்கள். மாதம் ஒரு தடவை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், சொல்கிறபோது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பத்து மாதம் நான் மனிதனாக இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் போலவே இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரிந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எங்கள் பக்கத்து ஆளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்களில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டிக்கொள்வார்கள். அம்மன் கோயிலுக்குப் போய், பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் அப்புறம் குடிக்கக் கூடாது. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. இப்படி விட்டவர்கள் நிறையப் பேர், நான் கேலி செய்யவில்லை. ஆடி வெள்ளிக்கிழமை பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் குடிக்காமல் இருந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் விட்டதற்குக் கணக்கு இல்லை, சாமியிடம் விட்டால்தான் கணக்கு என்று அவர் சொன்னார். பூசாரி சடையப்பன் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்: "போதை தர்ற எதையும் இனிமே தொட மாட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அளவாகச் செய்யத் தெரியாதே. "என் பொண்ணு திவ்யா மேல சத்தியம்" என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மாத்திரையைக் கையில் எடுத்தேன். அதைப் போட்டால் கண் சொக்கும், நாக்கு உலரும், காலையில் எழுந்ததும் தலை கொஞ்சம் கனமாக இருக்கும். பக்கத்து வீட்டில் அதைப் 'போதை மாத்திரை' என்றுதான் பேசிக்கொண்டார்கள். போதை தருகிற எதையும் தொட மாட்டேன் என்று மகள் மேல் சத்தியம் செய்துவிட்டு வந்து, இதை எப்படி விழுங்குவது? அத்தனை அட்டையையும் பிரித்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிரபாவிடம் டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு படுத்துத் தூங்கினேன்.

ஆவணி பிறந்ததும் தூக்கம் போய்விட்டது.

ஒரே முகூர்த்தத்துக்கு ஏழு கல்யாணம் ஒப்புக்கொண்டேன். என்னிடம் இருந்த கழியும் துணியும் இரண்டு பந்தலுக்குத்தான் வரும். ஏசுபாதம் சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் திருவிடந்தையில் ஒரு வீட்டு வாசலில் பாதி நின்ற பந்தலை நானே ஏறி அவிழ்க்க ஆரம்பித்தேன். அந்தக் கழிகளை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, அங்கே தாலி கட்டியதும் திரும்ப இங்கே கொண்டுவந்துவிடலாம் என்பது என் திட்டம். பெண்ணின் அப்பா கீழே நின்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் மேலே நின்று அவருக்குத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஏசுபாதம் என்னை இடுப்பில் பிடித்துக் கீழே இறக்கினார். நான் அவரை எல்லோர் முன்னாலும் சாதி சொல்லித் திட்டினேன்.

அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நோய் பேச வைத்தது என்றும் சொல்லப்போவதில்லை. நோய் கத்த வைக்கும், வார்த்தை என்னுடையது. அவர் என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, திருப்போரூரில் இன்னொரு பந்தல்காரரிடம் கெஞ்சிக் கழி வாங்கி அந்த வீட்டுப் பந்தலை முடித்துக் கொடுத்தார். மற்ற வீடுகளுக்கும் முடிந்த அளவு செய்தார். முடியாத இடத்தில் எனக்குப் பதிலாகத் திட்டு வாங்கிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மாதமும் நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. யாரும் நம்பவில்லை. பெரியப்பா என் வாயை முகர்ந்து பார்த்தார். குடியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை வருஷமாகச் சொன்னவர்களுக்கு, குடிக்காத நானே இப்படி இருப்பேன் என்பது புரியவில்லை.

புரட்டாசியில் விழுந்தேன். இந்தத் தடவை விழுந்தது போல முன்பு எப்போதும் விழுந்ததில்லை. ஏழு வீட்டுக்காரர்களின் முகமும் வந்து வந்து போனது. குடித்தால் எழுந்துவிடலாம் என்று நாக்கு இழுத்தது. குடித்தால் திவ்யாவுக்கு ஆகாது. மாத்திரை போட்டால் எழுந்துவிடலாம் என்றும் தெரியும். போட்டால் திவ்யாவுக்கு ஆகாது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, நானே இல்லாமல் போனால் சத்தியமும் என்னோடு போய்விடும், பிள்ளை தப்பித்துவிடுவாள் என்ற இடத்தில் மனசு போய் நின்றது. அது எனக்குப் பயமாக இல்லை, சுலபமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால்தான் பயம் வருகிறது.

ஒருநாள் பதினோரு மணி வாக்கில் ஏசுபாதம் வந்தார். நான் அந்த வார்த்தை சொல்லித் திட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நாஸ்தா துன்னியா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். மாத்திரையைத் தூக்கிப்போட்டது, சத்தியம், மனசு போய் நின்ற இடம் என்று பிரபாவிடம்கூடச் சொல்லாத எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்.  அவருக்கு பெஞ்சமின் என்று ஒரு தம்பி இருந்து இறந்துபோனது எனக்குத் தெரியும். எப்படி இறந்தான் என்று நான் கேட்டதே இல்லை.

"அவனுக்குக் காதுல யாரோ பேசிகினே இருப்பாங்க. அந்தச் சத்தம் அடங்கணும்னு குடிப்பான். நாங்க குடின்னுதான் நெனச்சோம். அப்பறம் செங்கல்பட்டுல காட்டி மாத்திர போட்டான், நல்லா ஆயிட்டான், பெயின்டிங் வேலைக்குப் போனான். ஒரு ஜெபக் கூட்டத்துல சாட்சி சொன்னான், ஆண்டவர் சொகம் குடுத்துட்டார்னு. சொகம் ஆனவனுக்கு மாத்திர எதுக்குன்னு அவனே நிறுத்திட்டான். நாங்களும் சந்தோசமாக் கைதட்டினோம். நான்தான் மொதல்ல கைதட்டினவன். மூணு மாசத்துல ரயில்ல போயிட்டான்."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து என் பக்கத்தில் இருந்த வேட்டி, பெல்ட், கயிறு எல்லாவற்றையும் சாதாரணமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் பிரபாவிடம் கொடுத்தார். அவளிடம் ஏதோ சொன்னார். "நான் வர்ற வரிக்கும் இவர தனியா வுடாத" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

இரண்டு மணி நேரத்தில் ஆட்டோவோடு திரும்பினார். கையில் ஒரு பை இருந்தது. "கெளம்பு, ஒங்க அம்மன் கோயிலுக்கு. நீ டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்ட, நான் சொன்னாலும் கேக்க மாட்ட. யார் கிட்ட சத்தியம் பண்ணியோ அவங்க கிட்டயே கேட்டுடுவோம்" என்றார். திவ்யாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பிரபா கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கோயிலில் பூசாரி சடையப்பன் எங்களுக்காகக் காத்திருந்தார். ஏசுபாதம் வழக்கம்போல வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் வீட்டார் யாரும் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. அங்கே நின்றபடியே சத்தமாகக் கேட்டார்: "பூசாரி, நீ சுகர் மாத்திர போடறியே, அது போதையா?"

"அது எப்டிய்யா போதையாவும்?"

"அப்ப இவரு மாத்திர?"

"எனக்குத் தெரிஞ்சு அதுவும் மருந்துதான். ஆனா முனிசாமி வாயால சொன்னது வேற. நான் சொன்னா அவனுக்கு மனசு ஆறாது" என்றார் பூசாரி. பிறகு என்னைப் பார்த்து, "பூ கட்டிப் பாத்துடுவோமா?" என்றார்.

இரண்டு பொட்டலத்தில் இரண்டு நிறப் பூவை வைத்து, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை அரளி வந்தால் மாத்திரை போடலாம், சிவப்பு அரளி வந்தால் போடக் கூடாது என்று பூசாரி சொன்னார்.  சிவப்பு வந்தால் எனக்கு வேறு வழியே கிடையாது. அது எனக்குத் தெரியும், பிரபாவுக்கும் தெரியும். பூசாரி உள்ளே போய் வாழை இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "ஏசுபாதம், உள்ள வா. நீயே வையி" என்றார். அவர் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இரண்டு பொட்டலத்தையும் வாங்கி அம்மன் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு உடனே நகரவில்லை, குனிந்தபடி வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். தன் ஆண்டவரிடம் ஜெபம் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திவ்யா ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

பிரபா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். மனசு போய் நின்ற இடத்தை நான் சொல்லும் முன்பே ஏசுபாதம் டாக்டரிடம் சொல்லிவிட்டார். மறுபடியும் வார்டு, மறுபடியும் முதலில் இருந்து. டாக்டர் ஜெனிஃபர் என் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இதுவும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ரெண்டும் உங்களுக்கு நல்லதுதான் பண்ணுது" என்றார். அவிழ்க்கச் சொல்லுவார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஏழு வருஷம் ஆகிறது. எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் பொய். கொரோனா வருஷத்தில் கல்யாணமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது நாலு நாள் குடித்தேன். ஐந்தாம் நாள் நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். தூக்கம் குறைந்தால் பிரபா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு பந்தல், அதற்கு மேல் யார் வந்து கேட்டாலும் ஏசுபாதம்தான் பதில் சொல்லுவார், அவர் பதில் எப்போதும் 'இல்ல'தான். எங்கள் ஆட்களில் யாராவது குடித்துவிட்டு வேலைக்கு வராவிட்டால் மற்ற காண்டிராக்டர்கள் ஆளை மாற்றுவார்கள். ஏசுபாதம் வீட்டுக்கே போய், "குடிக்கறதுக்கு முன்னாடி எப்டி கீறான்?" என்று கேட்கிறார். இதுவரை மூன்று பேரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அதில் ஒருவன் பாதியில் ஓடிவிட்டான். இரண்டு பேர் இன்றைக்கும் எங்களோடு கழி தூக்குகிறார்கள்.

போன தை மாதம் திருவிடந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் மேலே, நான் கீழே. மனசு லேசாக இருந்தது. "அண்ணாத்த, அன்னிக்கு மட்டும் செவப்பு வந்திருந்தா நான் இன்னிக்கு இங்க இல்ல" என்று சும்மா சொன்னேன்.

"செவப்பு எங்க இருந்து வரும்? நான் வாங்கவே இல்லியே" என்றார் அவர், கயிற்றை இறுக்கிக்கொண்டே.

எனக்குப் புரியாமல் கேட்டதும் விவரம் சொன்னார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி. வாங்கினது அவர், கட்டினது பூசாரி, பிரபாவுக்கும் தெரியும். ஏழு வருஷமாக மூன்று பேரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி விஷயத்தில் போய் விளையாடுவார்களா, என் பிள்ளை மேல் செய்த சத்தியம் அல்லவா, அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கீழே நின்று கத்தினேன். சமையல்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏசுபாதம் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தார்.

"அத்த யோசிக்காம வப்பனா? பொட்டலத்த வச்சப்ப ஒங்க அம்மன் கிட்ட சொல்லிட்டுதான் வச்சேன். இது நான் பண்ற தப்பு, இவனுக்கும் தெரியாது, அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. தண்டன குடுக்கறதுன்னா எனக்குக் குடு, எங்க வூட்டுக்குக் குடுன்னேன்."

அன்றைக்கு அவருடைய ஜெனிட்டாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாதத்துக்கு முன்னால் என் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டவர், என் மகளுக்கு வரப்போவதாக நான் நம்பிய கெடுதலைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஏழு வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குப் பந்தல் கட்டியிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "அடுத்த மூலைக்குக் கயிறு எடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.